மாயா இங்கே வேலை செய்தாள்

பாஞ்சாலையைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. காட்மாண்டு வரைக்கும் போய் மேடையில் பேசிவிட்டு வந்தவள் என்று முதலில் சொன்னார்கள். சங்கத்தைக் கவிழ்த்தவள் என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டையும் சொல்வது அதே வாய்கள்தான். அந்த வாய்களை எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் என் கடையில்தான் பல்பு வாங்குகிறார்கள், அதனால் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற செராமிக் எஸ்டேட்டுக்குத் திரும்புகிற ரோட்டில் என் எலக்ட்ரிக் கடை. எஸ்டேட் பெண்கள் காலையில் டிபன் பையோடு கடையைத் தாண்டிப் போவார்கள். சாயங்காலம் முழங்கை வரை களிமண் வெள்ளையாகத் திரும்புவார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பவள் பாஞ்சாலை. ஆள் குள்ளம், குரல் மட்டும் தெரு நீளத்துக்கு இருக்கும். "என்னா சார், வாசல்லயே சீனா வெளக்கா மாட்டி வெச்சிருக்கீங்க, எங்க வயித்துல அடிக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவாள்.

கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்து விருத்தாசலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் கோவிந்தசாமி கொத்தனார். கல்யாண மண்டபம் ஒன்று கட்டும்போது சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனார். வேலைக்கு எடுத்த மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இவன் என் ஆளே இல்ல" என்று போலீசிடம் சொன்னார். காலையில் அதே மேஸ்திரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர் கோவிந்தசாமி. செத்ததைவிட அந்தச் சொல்தான் தனக்கு அதிகமாக வலித்தது என்று பாஞ்சாலை என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஒரு மனுஷர் பாடுபட்டதை இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஆகாது. பின்னால் அவள் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் தேவநாதன் கம்பெனியில் சேர்ந்தாள். அந்தக் கூலியில்தான் மகள் அன்பரசியைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தாள். தனக்கென்று இரண்டு அறை வீடு ஒன்றும் கட்டிக்கொண்டாள். பட்டா அவள் பேரில். அந்த வீட்டுக்குச் சுவிட்சு, ஒயர் எல்லாம் என் கடையில்தான் வாங்கினாள். பேரம் பேசியே என் உயிரை எடுத்துவிட்டாள்.

தேவநாதன் கம்பெனியில் பிள்ளையார், மயில், யானை, கார்த்திகை விளக்கு என்று எல்லாம் பீங்கானில் செய்வார்கள். கூழ் மாதிரி கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, ஓரத்துப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் காய வைப்பது பெண்கள் வேலை. கூலி பொம்மைக் கணக்கில். அதனால் ஒவ்வொருத்தியும் தான் செய்த பொம்மையின் அடியில், ஈரம் காய்வதற்குள், ஊக்கு முனையால் தன் மார்க்கைக் கீறிவிட வேண்டும். ஒருத்திக்கு வட்டம், ஒருத்திக்குப் பெருக்கல் குறி, பாஞ்சாலைக்கு ஒரு கோடும் மேலே இரண்டு புள்ளியும். சூளையிலிருந்து வெளியே வரும்போது விரிசல் விட்டது யார் மார்க்கோ, அவளுக்கு அதில் கூலி இல்லை. மார்க்கே இல்லாத பொம்மைக்கு யாருக்கும் கூலி இல்லை. ஒருத்தி அங்கே வேலை செய்தாள் என்பதற்கு அந்தக் கீறலைத் தவிர வேறு எந்தச் சீட்டும் கிடையாது.

பிறகு கப்பலில் பொம்மை வர ஆரம்பித்தது. எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம், எதற்கு வரியைக் குறைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் பத்தாவதோடு நின்றவன். சென்னை மொத்தக் கடைகளில் பெட்டி பெட்டியாக இறங்கியது, இங்கே செய்வதைவிட மலிவு, பார்க்கவும் பளபளப்பு, அவ்வளவு தெரியும். எஸ்டேட்டில் ஒவ்வொரு கம்பெனியாக ஷட்டர் இறங்கியது. மிச்சமிருந்த முதலாளிகள் தாக்குப்பிடிக்க ஒரு வழிதான் கண்டுபிடித்தார்கள். கூலியைக் குறைப்பது. ஒரு கான்ட்ராக்டர் வடக்கேயிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பாதிக் கூலி, மார்க்கு கிடையாது, படுக்கத் தகரக் கொட்டகை.

எஸ்டேட் தொழிலாளர் சங்கம் கேட்டை மறித்தது. செயலாளர் மதிவாணன் மைக்கில் பேசினார், பாஞ்சாலை லாரிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சங்கத்துப் பெண்களின் மார்க்கு இல்லாமல் ஒரு பொம்மைகூடச் சூளைக்குள் போகக் கூடாது. வந்தவர்களை அதே லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். எஸ்டேட் வாசலில் சரவெடி வெடித்தது. லாரியில் ஏறியவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் லட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

மாயா வந்தது இதற்கெல்லாம் பிறகு. முழுப் பேர் மன்மாயா, நேபாளத்தில் சிந்துலி பக்கம். புருஷன் தில் பகதூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ரைட் ரைஸ் கடையில் மாஸ்டர். பெண் குழந்தையை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வந்த புதிதில் என் கடையில் கையைக் காட்டிக் காட்டிப் பொருள் கேட்டாள். ஒரு வருஷம் போனதும், "அண்ணே, நேத்து குடுத்த பல்பு பீஸ் போயிடுச்சு, மாத்திக் குடுங்க" என்று எங்கள் ஊர்ப் பெண் மாதிரியே சண்டைக்கு வந்தாள்.

அவள் தேவநாதன் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். அந்தச் சமயம் ஆள் பற்றாக்குறை. இளம் பெண்கள் எல்லாம் ஜவுளிக்கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போய்விட்டார்கள். ஒப்பந்தப்படி மாயாவைச் சேர்க்க முடியாது. பாஞ்சாலைதான் ஒரு வழி சொன்னாள். மாயா உட்கார்ந்து ஊற்றட்டும், அடியில் என் மார்க்கைப் போடட்டும், கூலி என் பேரில் வரட்டும், அதை அப்படியே அவளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

"இவள வெளிய தள்ளுனா நேரா கான்ட்ராக்டருகிட்டதான் போவா சார்" என்று எனக்கு விளக்கினாள். "அங்க பாதிக் கூலிக்குச் செய்வா. அந்தப் பாதிக் கூலி நாளைக்கு எங்க கழுத்துல வந்து உக்காரும். எங்க ரேட்டே அவளுக்கும் கெடச்சிட்டா யாருக்கு என்னா நட்டம்?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இன்றைக்கும் அதில் ஒரு கெட்ட எண்ணமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு பைசாகூட அவள் பிடித்துக்கொண்டதில்லை. விரிசல் விட்டது யாருடையது என்று தெரியாதபோது தன்னுடையது என்று வைத்துக்கொள்வாள். தேவநாதன், "உங்களுக்குள்ள என்னமோ செஞ்சிக்கிங்க, என்னை இழுக்காதீங்க" என்று சிரித்தார். ஏன் சிரிக்க மாட்டார்? வேலை நடக்கிறது, ஆளுக்குப் பொறுப்பு இல்லை. மதிவாணன் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

ஒருமுறை வெளியூர்த் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க ஒரு பையன் டேப்லெட்டை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வந்தான். மாயாவிடம் எந்த மாநிலம் என்று கேட்டான். நேபாளம் என்றாள். "அது மாநிலம் இல்லீங்களே" என்றான். சரி, வெளிநாடு என்று போட்டுக்கொள் என்றால், வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் நம்பர் கேட்கிறது என்றான். நேபாளத்துக்காரர்கள் இங்கே வந்து வேலை செய்யப் பாஸ்போர்ட் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு. வரலாம், உழைக்கலாம். ஆனால் அந்த டேப்லெட்டில் அவளுக்கு ஒரு கட்டம் இல்லை. பையன் பாவம், வெயிலில் சிறிது நேரம் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மாயாவுக்குச் சிரித்து மாளவில்லை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து மதிவதனி வந்தாள். தொழிலாளர் உரிமை பேசுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் இருப்பவள், நல்ல பெண். பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து வணிகத்தைத் திறந்துவிடும்போது தொழிலாளிக்கு என்ன ஆகிறது என்று பேச, காட்மாண்டுவில் பல நாட்டுச் சங்கங்கள் கூடுகின்றன என்றாள். எஸ்டேட்டைக் காப்பாற்றிய பெண்ணாகப் பாஞ்சாலை வந்து பேச வேண்டும். வாக்காளர் அட்டை இருந்தால் போதும், விமானத்திலேயே போகலாம். பாஞ்சாலைக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தது மாயா. "எங்க ஊர்ல குளிரும்க்கா" என்று காதுக்குத் தொப்பியும் சேர்த்துக் கொடுத்தாள்.

மேடையில் பாஞ்சாலை நன்றாகத்தான் பேசினாள். வீடியோவை ஊரே பார்த்தது. கப்பல் பொம்மை, மூடிய ஷட்டர், லாரிக்கு முன்னால் படுத்தது, எல்லாம் சொன்னாள். மதிவதனி இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். கடைசியில் நேபாளத்துச் சங்கக்காரர் ஒருவர் எழுந்து, எங்கள் ஆட்கள் உங்கள் பக்கம் நிறைய வேலை செய்கிறார்களே, உங்கள் சங்கத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். மதிவாணன் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார், மாயா பேச்சு வெளியே வந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று. பாஞ்சாலை மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க எஸ்டேட்ல வெளியாளு ஒருத்தருமே கெடையாதுங்க. எங்க மார்க்கு இல்லாம ஒரு பொம்மகூட உள்ள போவாது" என்றாள். கை தட்டினார்கள். கேட்டவர் தட்டவில்லை.

அன்று சாயங்காலம் மாயாவின் அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு சிந்துலியிலிருந்து பஸ் பிடித்து மாநாடு நடந்த ஓட்டலுக்கு வந்திருந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பாஞ்சாலை தெருவுக்கு இறங்கி வந்தாள். இவளுக்கு அந்த மொழி தெரியாது, அவருக்கு இந்த மொழி தெரியாது. போனில் மாயாவை வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த அம்மா, காயவைத்த கீரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்து, பாஞ்சாலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போனில் மாயா சொன்னாள்: "நீங்க இருக்கறதால அம்மாவுக்கு பயம் இல்லியாம்க்கா."

"மேடை மேல அவ இல்லன்னு சொல்லிட்டு, எறங்கி வந்து அவ அம்மா கையால பொட்டலம் வாங்குனேன் சார்" என்றாள் என்னிடம். ஊருக்குத் திரும்பியதும், மாயாவைச் சங்கத்தில் சேர்த்து அவளுக்கென்று ஒரு மார்க்கு கொடுக்க வேண்டும் என்று மதிவாணனிடம் போய் நின்றாள். "அவசரப்படாதக்கா, பொதுக்குழுவுல வெச்சிப் பேசலாம்" என்றார் அவர். பொதுக்குழுவில் போனஸ் பேச்சிலேயே நேரம் போய்விட்டது.

கார்த்திகை விளக்கு சீசனில் அது நடந்தது. களிமண் பிசைகிற மிஷினில் வழக்கமாக நிற்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை. சரக்கு அவசரம் என்று தேவநாதன் மாயாவை மண் தள்ளச் சொன்னார். மிஷின் வாய்க்கு இருக்க வேண்டிய மூடியைக் கழற்றி எப்போதோ மூலையில் போட்டிருந்தார்கள், மூடி இருந்தால் வேலை மெதுவாகுமாம். மண் கட்டியாக அடைத்துக்கொண்டது. மாயா கையை விட்டுத் தள்ளினாள். சத்தம் கேட்டுப் பாஞ்சாலை ஓடிப்போய் மெயினை அணைத்தாள். என் லோடு வண்டியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. வண்டியின் பலகையை நான்தான் கழுவினேன்.

தேவநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பிப் போய், "அந்தப் பொண்ணு என் கம்பெனி ஆள் இல்ல, பாஞ்சாலைக்குச் சோறு கொண்டாந்து குடுக்கறவ" என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர் வக்கீல் பழமலைநாதன் ஃபீஸ் கேட்காமல் வழக்கை எடுத்துக்கொண்டார். வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டும், எந்த நாட்டு ஆள் என்பது பேச்சே இல்லை என்றார். ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மாயா அங்கே வேலை செய்தாள் என்று காட்ட வேண்டும். அவள் செய்த பொம்மை ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்து மேஜை மேல் கவிழ்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

சங்க ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். பாஞ்சாலை சாட்சி சொல்லக் கூடாது என்றார் மதிவாணன். அவரை வில்லன் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான். "நீ போயி சொன்னா, ஒப்பந்தத்த மீறுனது நாமன்னு ஆயிடும்க்கா. அடுத்த வாரமே லாரி வந்து நிக்கும். இத்தினி பொம்பளைங்க தெருவுக்குப் போவாங்க." பாஞ்சாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் கனகா அழுதுகொண்டே சொன்னாள், "அவளப் பாத்தா வவுறு எரியுதுக்கா. ஆனா எம் புள்ளைங்களுக்கு நான் என்னா போடுவேன்?" பாஞ்சாலை எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, "அவ வேல செஞ்சா. அத இல்லன்னு என்னால சொல்ல முடியாது" என்று எழுந்து வந்துவிட்டாள்.

மதிவதனிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் உண்மையாகவே கலங்கிப்போனாள். ஆனால் அவர்கள் கொள்கை அளவில்தான் வேலை செய்கிறார்களாம், தனித்தனி வழக்கை எடுக்க நிதி கொடுப்பவர்கள் சம்மதிக்க மாட்டார்களாம். வேண்டுமானால் மாயா கதையை அடுத்த மாநாட்டு அறிக்கையில் எழுதலாம் என்றாள். "எழுதுனா கை மொளைக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பாஞ்சாலை போனை வைத்தாள்.

விசாரணை கடலூரில், தொழிலாளர் துறை ஆபீஸில் ஓர் அதிகாரி முன்னால். என் வண்டியில்தான் போனோம், பாஞ்சாலை, மாயா, பகதூர், வக்கீல், நான். மாயா சேலை முந்தானையால் கையை மூடியிருந்தாள். போகிற வழியில், இழப்பீடு கிடைத்தால் ஊரில் ஒரு சின்னக் கடை வைத்துக்கொண்டு குழந்தையோடு இருக்கலாம் என்று பகதூர் இந்தியிலும் தமிழிலும் கலந்து என்னிடம் சொன்னான். மாஸ்டர் வேலையையும் விட்டுவிட்டிருந்தான். அவளுக்குத் தலை வாரிவிட, சோறு பிசைய ஆள் வேண்டியிருந்தது.

பாஞ்சாலையைக் கூப்பிட்டார்கள். மாயா எப்போது வந்தாள், எந்த இடத்தில் உட்காருவாள், அன்றைக்கு யார் மிஷினில் நிற்கச் சொன்னது, எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். தேவநாதனின் வக்கீல் எழுந்து தன் போனை அதிகாரியிடம் காட்டினார். காட்மாண்டு மேடை. பாஞ்சாலையின் தெரு நீளக் குரல் அந்தச் சின்ன அறைக்குள் கேட்டது. வெளியாளு ஒருத்தருமே கெடையாதுங்க.

"இதுல பேசுறது நீங்கதானே?"

"நான்தாங்க."

"அங்க சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யா?"

"அங்க சொன்னதுதாங்க பொய்."

அவள் தடுமாறுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் காகிதத்தைப் புரட்டிவிட்டு வேறு வழியாக வந்தார். "சரி. வேலை செஞ்சாங்கன்னே வெச்சிக்குவோம். இவங்கள வேலைக்கு வரச் சொன்னது யாரு?"

"நான்."

"கூலிய யார் கையில குடுத்தாங்க?"

"என் கையில. நான் அவளுக்குக் குடுத்தேன்."

"பொம்மை அடியில இருக்கறது யார் மார்க்கு?"

"என்னுதுதாங்க."

"முதலாளி இவங்க கையில நேரா ஒரு ரூபா குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

பாஞ்சாலை இல்லை என்றாள். அவர் அதிகாரி பக்கம் திரும்பி, அப்படியானால் மாயாவை வேலைக்கு வைத்தது இந்த அம்மாதான், கம்பெனிக்குத் தெரியாமல் உள்ளே கூட்டிவந்ததும் இவர்தான், இழப்பீட்டை இவரே கொடுக்கட்டும், இவர் பேரில் வீடு இருக்கிறது என்றார். பழமலைநாதன் துள்ளி எழுந்தார். இடம் கம்பெனியுடையது, மிஷின் கம்பெனியுடையது என்று கத்தினார். அதிகாரி பொறுமையான மனிதர். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அதையெல்லாம் விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும், இப்போதைக்குப் பாஞ்சாலையையும் எதிர்த் தரப்பில் சேர்க்க வேண்டிவரும், கடைசியில் யார் தலையில் விழும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"சேத்துக்குங்க சார்" என்றாள் பாஞ்சாலை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவளுக்குக் கெடைக்கணும், அவ்ளோதான்."

அடுத்து மாயாவைக் கூப்பிட்டார்கள். நடந்தது அத்தனையும் அவளுக்குப் புரிந்திருந்தது, அவ்வளவு தமிழை இங்கே கற்றுக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வேலை கொடுத்தது யார் அம்மா என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். மாயா பாஞ்சாலையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யாரும் குடுக்கலங்க. நான் அங்க வேல செய்யலங்க."

அவளே மேலே சொன்னாள். "சும்மா உள்ள போனேன். மிஷின் ஓடுச்சு, கைய விட்டுட்டேன். என் தப்புதாங்க. அக்கா மேல ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்றா சார்!" பாஞ்சாலை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அவ வேல செஞ்சா! என்னைவிட அதிகமா செஞ்சா! அவ செஞ்ச புள்ளையாரு எத்தினி வூட்டு அலமாரியில உக்காந்திருக்குது தெரியுமா? ஏண்டி, சொல்லுடி, செஞ்சேன்னு சொல்லுடி!" அவள் போய் மாயாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியதில் முந்தானை விலகி, துணி சுற்றிய மொட்டைக் கை வெளியே தெரிந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆனால் மனு போட்டவளே வேலை செய்யவில்லை என்று சொன்னதை எழுதாமல் இருக்க அவராலும் முடியவில்லை. வக்கீல் வெளியே கூட்டிப்போய் எவ்வளவோ பேசிப் பார்த்தார். மாயா சொன்னதையே சொன்னாள்.

திரும்பும்போது பாஞ்சாலை முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரும்பவே இல்லை. நெய்வேலி தாண்டி வண்டி டீக்கடையில் நின்றபோதுதான், "ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"உங்க வூட்ட புடுங்கிக்குவாங்க இல்லக்கா" என்றாள் மாயா. "எங்கிட்ட புடுங்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல."

பகதூர் அவளுக்கு டீயை ஆற்றிக் கொடுத்தான். பாஞ்சாலை டீயைத் தொடவில்லை. தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், கடைக்காரர் வந்து யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்கிற அளவுக்கு. எனக்கு மாயா மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் தேவநாதன் மேல் வந்தது, மதிவாணன் மேல் வந்தது, காட்மாண்டுவில் கை தட்டியவர்கள் மேல் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வண்டியை ஓட்டினேன்.

மாயாவும் பகதூரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பாஞ்சாலை சொன்ன சாட்சியைக் காட்டியே தேவநாதன் ஒப்பந்தம் முறிந்தது என்றார். லாரி வந்தது. கனகா இப்போது மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பெருக்குகிறாள். சங்கம் பாஞ்சாலையை நீக்கியது, எதிரில் பார்த்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் களை எடுக்கப் போகிறாள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கடலூருக்குப் பஸ் ஏறுகிறாள். அந்த ஆபீஸ் வாசலில் நின்று, "மாயாவுக்கு வேல குடுத்தவ நான்தாங்க, என் வூட்ட எடுத்துக்கிட்டு அவளுக்கு உண்டானத அனுப்பிடுங்க" என்கிறாள். அங்கே இருப்பவர்கள் இப்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். கேட்க வேண்டியது அந்தப் பெண்தானே அம்மா, அவங்களே செய்யலைன்னு சொல்லிட்டாங்களே என்கிறார்கள்.

அதற்காகத்தான் பாஞ்சாலை மாயாவுக்குப் போன் போடுகிறாள், ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லேன்டி என்று கெஞ்ச. என் கடையில் வைஃபை இருப்பதால் இங்கே வந்துதான் பேசுவாள், எனக்கும் கேட்கும். இவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து மாயாவே முதலில் கேட்டுவிடுகிறாள், "வூடு இருக்குதாக்கா?" என்று. இருக்குது என்று மட்டும் பாஞ்சாலை சொல்கிறாள். வேறு எதையும் அவளால் கேட்க முடிவதில்லை.